தேய்ந்த பழைய பெயின்டைக் காப்பாற்றுவது: மேலே என்ன பூசலாம் என்று கேட்பதற்கு முன்

ஒரு பழைய பெட்டி, அலமாரி, நாற்காலி, எதுவாகவும் இருக்கட்டும். எப்போதோ அடித்த பெயின்ட் பாதி ஒட்டிக்கொண்டும் பாதி தேய்ந்தும், விளிம்புகளில் மரம் தெரிய, கைக்கு வந்து சேர்ந்தால் பெரும்பாலானோர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "இந்தத் தோற்றம் அப்படியே இருக்கணும், மேலே என்ன பூசலாம்?" உடனே ஆளுக்கொரு பதில் வரும். ஆளிவிதை எண்ணெய் தேய் என்பார் ஒருவர், மெழுகு போடு என்பார் இன்னொருவர், ஒரு கை கிளியர் கோட் (நிறமில்லாத, ஒளி ஊடுருவும் பூச்சு) அடித்துவிட்டால் அப்புறம் கவலையே இல்லை என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன: மேலே ஒரு படலம் போட்டால் கீழே இருப்பது பிழைக்கும். பழைய பெயின்ட் விஷயத்தில் இது பெரும்பாலும் தப்பு. அது மேலிருந்து அழிவதைவிட அடியிலிருந்து, மரத்தைப் பிடித்திருக்கும் பிடி விட்டுப்போய் அழிவதுதான் அதிகம். அதனால் காப்பாற்ற வேண்டியது அந்தப் பிடியை. இதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளில் முக்கால்வாசி தானாகவே தெளிவாகிவிடும்.

தேய்வது வேறு, உதிர்வது வேறு

நகப்பூச்சை நினைத்துப் பாருங்கள். சில நாள் கழித்து அது இரண்டு விதமாகப் போகும். ஒன்று, நகத்தின் நுனியில் வேலை செய்து செய்து மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும், ஆனால் மிச்சம் இருக்கிற இடத்தில் கெட்டியாகப் பிடித்திருக்கும். இன்னொன்று, ஓரத்தில் லேசாக எழும்பி, அந்த எழும்பல் எதிலாவது மாட்டி, ஒரு துண்டாக அப்படியே கழன்று வரும். நகம் தண்ணீரில் ஊறினால் உப்பும், காய்ந்தால் பழைய அளவுக்கு வரும். மேலே இருக்கிற பூச்சால் அதே அளவுக்கு விரிந்து சுருங்க முடியாது, அதனால்தான் பிடி விடுகிறது.

மரச்சாமானிலும் இதே இரண்டு நிகழ்வுகள்தான். நாற்காலியின் கைப்பிடி, இழுப்பறைக் குமிழைச் சுற்றியுள்ள வட்டம், கால் வைக்கும் குறுக்குச்சட்டம், மூடியின் முன்விளிம்பு ஆகிய இடங்களில் மனிதக் கை கால் பட்டுப் பெயின்ட் போயிருக்கும். அதன் ஓரம் மெலிந்து மெலிந்து மரத்தோடு கரைந்தது போல் முடியும், விரலால் தடவினால் படி தட்டாது. இது தேய்வு. இது நோய் இல்லை, நடந்து முடிந்த ஒரு விஷயம். சொல்லப்போனால் அந்தச் சாமானை யாரெல்லாமோ எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கிய புதுச்சாமானில் கையே படாத இடங்களிலும் சீராகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

உதிர்வு அப்படி இல்லை. போன இடத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், பக்கத்தில் இருக்கிற பெயின்ட் மரத்தைவிட்டு லேசாகத் தூக்கியிருக்கும். அந்த எழும்பிய சின்னத் துண்டைச் செதில் என்று சொல்வோம். செதில் இருக்கிற சாமானில் அழிவு இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது என்று பொருள்.

பெயின்ட் உண்மையில் என்ன

பெயின்டில் அடிப்படையாக இரண்டு பொருள்கள். நிறம் தரும் நுண்ணிய தூள், அதாவது நிறமி. அந்தத் தூளை ஒன்றோடொன்றும் மரத்தோடும் ஒட்டவைக்கிற பொருள், அதாவது பிணைப்பான். பூசுவதற்கு வசதியாக ஒரு திரவமும் சேரும், ஆனால் அது காய்ந்து போய்விடும், அதை இங்கே மறந்துவிடலாம்.

பழைய சாமான்களில் பிணைப்பானாக இருந்தவை பல. ஆளிவிதை எண்ணெய் ரொம்பப் பரவலானது. பாலில் இருந்து எடுக்கும் கேசீன் புரதத்தைச் சுண்ணாம்போடு கலந்து செய்தது ஒன்று. விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் வச்சிரத்தில் நிறமி கலந்து அடித்தது இன்னொன்று. வச்சிரப் பூச்சு எத்தனை வருடம் ஆனாலும் தண்ணீர் பட்டால் இளகும். கேசீன் பூச்சு அந்த அளவுக்கு இளகாது, ஆனாலும் ஈரத்துணியால் அழுத்தித் தேய்ப்பதைத் தாங்காமல் போகலாம். எண்ணெய்ப் பூச்சு தண்ணீருக்கு ஓரளவு அசையாது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் ஈரத்துணி எடுத்தவர்கள் ஒரே துடைப்பில் பூவேலைப்பாட்டையே எடுத்திருக்கிறார்கள்.

எண்ணெய்ப் பெயின்ட் எப்படிக் காய்கிறது என்பதும் முக்கியம். தண்ணீர் ஆவியாவது போல் அந்த எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிக் கெட்டிப்படுகின்றன. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் இந்த மாற்றம் வருடக்கணக்கில் மெதுவாகத் தொடரும். புதிதில் கொஞ்சம் வளைந்துகொடுத்த படலம் போகப்போக விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வருகிறது.

மரம் அசைகிறது, பெயின்ட் அசைய மறுக்கிறது

வெட்டி, அறுத்து, இழைத்து, சாமான் செய்து நூறு வருடம் ஆன மரமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் வெளியே விடும். உறிஞ்சும்போது உப்பும், விடும்போது சுருங்கும். ரேகை ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். முழுக்க ஈரமான மரம் முழுக்கக் காய்ந்தால்கூட நீளத்தில் சுமார் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் குறையும். ரேகைக்குக் குறுக்கே நடப்பது வேறு கதை, அங்கே பல மரங்களில் 6 முதல் 10 சதவீதம் வரை போகும். வீட்டுக்குள் இருக்கிற சாமானுக்கு அவ்வளவு தீவிரமான மாற்றம் வராதுதான், ஆனாலும் 30 செ.மீ. அகலமான பலகை ஒன்று ஈரமான பருவத்துக்கும் வறண்ட பருவத்துக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் வரை அகலம் மாறக்கூடும்.

அந்தப் பலகையின் மேல் தலைமுடி பருமனுக்கு ஒரு விறைத்த படலம் ஒட்டியிருக்கிறது. மரம் விரிந்தால் படலம் இழுபட்டு விரிசல் விடும், அதனால்தான் விரிசல்கள் பெரும்பாலும் ரேகையை ஒட்டியே ஓடுகின்றன. மரம் சுருங்கினால் படலத்துக்கு இடம் போதாமல் நெருக்கப்பட்டு, விரிசல் ஓரங்கள் கூரை போல் மேலே எழும்பும். ஒவ்வொரு பருவத்துக்கும் இப்படி ஒரு சுற்று. இதில் அகலமான பலகைகள்தான் அதிகம் அடிபடும், கடைந்தெடுத்த மெல்லிய கால்களில் பெயின்ட் நன்றாக நிற்பதைப் பல சாமான்களில் பார்க்கலாம்.

சரி, இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: தேய்வு முடிந்துபோன விஷயம், அதற்கு வைத்தியம் வேண்டாம். உதிர்வு தொடர்கிற விஷயம், அதற்குக் காரணம் மரத்தின் அசைவும் பெயின்டின் விறைப்பும். மேலே பூசுகிற எந்த மெல்லிய படலமும் மரம் அசைவதை நிறுத்திவிடாது.

கை வைப்பதற்கு முன் டார்ச்

அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சை மேற்பரப்புக்குக் கிட்டத்தட்ட இணையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் சமதளமாகத் தெரிந்த இடத்தில் எழும்பிய செதில் ஒவ்வொன்றும் நிழல் போடும். நிழல் இல்லாத தேய்ந்த இடங்களை விட்டுவிடலாம். நிழல் விழுகிற இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில மாதம் கழித்து அதே கோணத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால் உதிர்வு தொடர்கிறதா, நின்றுவிட்டதா என்று ஊகமில்லாமல் தெரியும். இந்த ஒரு வேலைக்கு எந்த மருந்தும் தேவையில்லை, ஆனால் இதைச் செய்யாமல்தான் பலரும் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள்.

சாமானின் அடியிலோ பின்பக்கத்திலோ சின்னத் துளைகளும், அவற்றிலிருந்து கொட்டும் மாவு போன்ற தூளும் இருந்தால் பூச்சி உயிரோடு இருக்கலாம். பெயின்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைக் கவனிக்க வேண்டும்.

ஈயம்: இதை மட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஈய வெள்ளை பல நூற்றாண்டுகளாக முக்கிய வெள்ளை நிறமி. குரோம் மஞ்சள் என்பதும் ஈயச் சேர்மம்தான். 19-ஆம் நூற்றாண்டில் புழங்கிய எமரால்டு பச்சையில் ஆர்செனிக் உண்டு. கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்த 1921-லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை கொண்டுவந்தது, ஆனாலும் அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டுக்கும் பெயின்ட் அடித்த சாமானுக்கும் தடை வர 1978 ஆகிவிட்டது. பிடித்து நிற்கிற ஈயப் பெயின்ட் பெரிய ஆபத்தில்லை. தூளாகி மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து, அதிலும் குழந்தைகளுக்கு.

ஆகவே உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். ஓரங்களைக் கொஞ்சம் வழவழப்பாக்கத்தானே என்றும் வேண்டாம். சூடான காற்றை ஊதிப் பெயின்டை இளக்கும் சூட்டுத் துப்பாக்கியும் கூடாது. உதிர்ந்த செதில்களை வீட்டு வேக்கூம் கிளீனரால் உறிஞ்சினால் நுண்தூள் மறுபக்கம் வெளியே வரும், அதற்கு நுண்தூளையும் பிடித்துவைக்கிற ஹெப்பா வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். குழந்தைகள் கடிக்கும், ஏறி விளையாடும் சாமானாக உதிர்கிற பழைய பெயின்ட் சாமானை வைக்காதீர்கள்.

எண்ணெய், கிளியர் கோட், மெழுகு

முதலில் எண்ணெய். "மரம் தாகமாக இருக்கிறது, எண்ணெய் குடிக்கக் கொடு" என்ற பேச்சு ரொம்பப் பழசு. மரத்துக்குத் தாகமெல்லாம் இல்லை. வறண்டு வெளிறிப் போன பெயின்டில் ஆளிவிதை எண்ணெய் தேய்த்ததும் நிறம் பளிச்சென்று ஆழமாகத் தெரியும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பழைய பெயின்டின் மேற்பரப்பில் பிணைப்பான் சிதைந்து நுண்ணிய காற்றிடைவெளிகள் உருவாகியிருக்கும், ஒளி அங்கே சிதறுவதால்தான் வெளிறித் தெரிகிறது. எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பியதும் சிதறல் குறைந்து நிறம் அடர்த்தியாகிறது, அவ்வளவுதான் நடந்தது. பிடி கொஞ்சமும் கூடவில்லை. அடுத்த சில மாதங்களில் அந்த எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும், வருடங்களில் மஞ்சளாகி, பழுப்பாகிக் கறுக்கும், தேய்ந்து மரம் தெரிகிற இடங்களில் உள்ளே ஊறிக் கறையாக நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எண்ணெய்ப் பெயின்டின் பிணைப்பானும் நீங்கள் பூசிய எண்ணெயும் ஒரே ஜாதி, இரண்டும் ஒரே மாதிரி வலையாகக் கெட்டிப்பட்டவை. பின்னால் இதை எடுக்கவேண்டும் என்றால் இதைக் கரைக்கிற எதுவும் அதையும் கரைக்கும். போட்டது போட்டதுதான். (இதோடு ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் ஆக்சிஜனேற்றத்தில் வரும் சூடு உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.)

கிளியர் கோட், குறிப்பாகப் பாலியூரித்தேன், இன்னும் மோசம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே சீரான பளபளப்பு வந்து, தேய்ந்த இடமும் தேயாத இடமும் ஒரே கண்ணாடிக்குள் அடைபட்டது போலாகும். அதுவும் மஞ்சளிக்கும். மரம் அசையும்போது அந்தப் படலம் உரிய ஆரம்பித்தால், தனக்கு அடியில் பலவீனமாக ஒட்டியிருக்கிற பழைய பெயின்டையும் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். எடுக்க வேண்டுமானால் பெயின்ட் உரிக்கும் மருந்துதான் போட வேண்டும், அது எதை உரிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் மீள்தன்மை என்கிற கொள்கை வருகிறது. இன்று நாம் சேர்க்கிற எதையும் நாளை இன்னொருவர், மூலப் பெயின்டுக்குச் சேதமில்லாமல், எடுக்க முடிய வேண்டும். அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பராமரிக்கும் கன்சர்வேட்டர்கள் ஒவ்வொரு பொருளையும் இந்தக் கேள்வியோடுதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மெழுகு இந்தப் பரீட்சையில் ஓரளவு தேறும், ஆனால் எல்லாச் சாமானுக்கும் அல்ல. செதில் ஏதும் இல்லாத, கெட்டியாக நிற்கிற எண்ணெய்ப் பெயின்டின் மேல் மிக மெல்லிதாக மெழுகு போட்டுத் துடைக்கலாம், கைப்பட்டுத் தேயும் இடங்களில் மெழுகு முதலில் தேயும். இதற்கு நுண்படிக மெழுகு நல்லது, இது பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்து எடுப்பது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் 1950-களில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் இந்த வகை. செதில் இருக்கிற இடத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மெழுகு செதிலின் அடியில் புகுந்துவிட்டால் அப்புறம் எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. பளபளப்பே இல்லாத வச்சிர, கேசீன் பூச்சுகளிலும் வேண்டாம், எண்ணெய் மாதிரியே நிறத்தை மாற்றித் திட்டுத்திட்டாக்கும். சிலிக்கோன் கலந்த ஸ்ப்ரே பாலிஷ்களைப் பழஞ்சாமான் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சுருக்கமாக: எண்ணெயும் கிளியர் கோட்டும் திரும்ப எடுக்க முடியாதவை. மெழுகு, உறுதியாக நிற்கிற பரப்புக்கு மட்டும். ஒன்றும் பூசாமல் விடுவது பல சாமான்களுக்குச் சரியான முடிவு.

அழுக்கை எவ்வளவு எடுப்பது

காலம் விட்டுச்சென்ற தேய்வு, நிறமாற்றம், மெல்லிய படிவு எல்லாம் சேர்ந்த தோற்றத்தைப் பாடினா என்பார்கள். இதில் அழுக்கும் அடக்கமா என்று முடிவில்லாமல் சண்டை நடக்கும். என் பார்வையில், தளர்வாகப் படிந்திருக்கிற தூசியும் கரியும் போகலாம், பரப்போடு ஒன்றிவிட்டது நிற்கட்டும்.

செதில் இல்லாத இடங்களில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பக்கத்தில் வேக்கூம் குழாயைப் பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள், குழாய் வாயில் வலைத்துணி கட்டியிருக்கட்டும். அதற்கு மேல் போக வேண்டுமானால் கண்ணில் படாத மூலையில் சோதனை. பஞ்சுக்குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, பிழிந்து, தேய்க்காமல் உருட்டுங்கள். பஞ்சில் சாம்பல், பழுப்பு வந்தால் அழுக்கு. சாமானின் நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பரப்புக்குத் தண்ணீர் ஆகாது. கன்சர்வேட்டர்கள் இதற்கு எச்சிலையும் பயன்படுத்துகிறார்கள் என்றால் பலர் நம்பமாட்டார்கள், அதிலுள்ள என்சைம்கள் சிலவகைக் கறையை இளக்கும், காரமோ அமிலமோ அதிகம் இல்லாத மிதமான திரவம் அது. செய்து பார்ப்பதாக இருந்தால் பயன்படுத்திய பஞ்சு மறுபடி வாய்க்குப் போகவே கூடாது, ஈயம் நினைவிருக்கட்டும்.

அம்மோனியா, சோடா மாதிரிக் காரப்பொருள்கள் எண்ணெய்ப் பிணைப்பானைச் சோப்பாக மாற்றிவிடும். அதாவது அழுக்கு போவது போலத் தெரியும், கூடவே பெயின்டும் போய்க்கொண்டிருக்கும்.

எழும்பிய செதிலை ஒட்டுவது

இதற்குப் பெயர் நிலைப்படுத்தல்: செதிலின் அடியில் மிக நீர்த்த பசையை நுண்ணிய பிரஷ்ஷின் நுனியால் தொட்டு, விரிசல் வழியாகத் தானாக உறிஞ்சவிட்டு, மெல்ல இளக்கி, ஒட்டாத சிலிக்கோன் தாளை வைத்து லேசாக அழுத்திக் காயவிடுவது. பசையாக ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் மீன்பசையோ ஜெலட்டினோ பயன்படும், இவை வெதுவெதுப்பான நீரில் மறுபடி இளகும். பாராலாய்ட் பி-72 என்கிற அக்ரிலிக் பிசினும் உண்டு, வருடங்கள் கழித்தும் அசிட்டோனில் கரைவது அதன் பெருமை, ஆனால் அசிட்டோன் சில பெயின்டுகளை இளக்கிவிடும் என்பதால் எல்லா இடத்துக்கும் ஆகாது. வெள்ளைத் தச்சுப்பசை, சூப்பர் க்ளூ இரண்டும் வேண்டாம், திரும்ப எடுப்பது பெரும்பாடு.

நாலைந்து செதில், சாதாரண ஒற்றை நிறப் பெயின்ட் என்றால் பொறுமைசாலி ஒருவர் மறைவான இடத்தில் சோதித்துவிட்டுச் செய்யலாம். சித்திர வேலைப்பாடு, பொன்முலாம், பரப்பு முழுக்கச் செதில் என்றால் கன்சர்வேட்டரிடம் கொடுங்கள். அதுவரை தூசிகூடத் தட்ட வேண்டாம்.

உதிர்ந்துபோன இடங்களில் நிறம் தொட்டுவைக்க ஆசை வரும். வெறுமையான இடத்துக்குள் மட்டும், எளிதில் எடுக்கக்கூடிய நிறத்தால், பழைய பெயின்டின் மேல் ஒரு புள்ளிகூட ஏறாமல் செய்ய முடியுமானால் தவறில்லை. கை தேய்த்த இடங்களை மட்டும் நிரப்பாதீர்கள்.

காற்றும் வெளிச்சமும்

அசைவுதான் காரணம் என்றால், அசைவைக் குறைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. சாமான் இருக்கிற அறையின் ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அந்த எண்ணைவிட, அது திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். 65, 70-க்கு மேல் நீண்ட நாள் போனால் பூஞ்சை வரும், ரொம்பக் கீழே இறங்கினால் சுருக்கமும் விரிசலும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பாருங்கள், கிளியர் கோட் டப்பாவுக்குக் கொடுக்கிற காசுக்கு இது எவ்வளவோ பயன். ஹீட்டர், ஏசியின் நேரடிக் காற்று, ஈரம் ஊறும் சுவர், வெயில் விழும் ஜன்னல் ஆகியவற்றிலிருந்து சாமானைத் தள்ளிவையுங்கள். ஈரமான கிடங்கிலிருந்து வந்த சாமானை நேரே வறண்ட அறையில் வைக்காமல், போர்வை சுற்றிச் சில வாரங்கள் மெதுவாகப் பழக்குங்கள், ஒரே வாரத்தில் சுருங்கிச் செதில் செதிலாக எழுந்த பலகைகள் ஏராளம்.

வெளிச்சத்தால் வரும் வெளிறல் திரும்பாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். எண்ணெய்ப் பூச்சுகளுக்கு 150 முதல் 200 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) வரை என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம், வெளிச்சத்தால் எளிதில் பாதிக்கப்படும் நிறங்களுக்கு 50. வீட்டில் அளவு பார்க்க முடியாது, திரை போட முடியும், அது போதும்.

பயன்படுத்துவதை நிறுத்தத் தேவையில்லை. இழுப்பறை இறுகினால் பெயின்ட் அடித்த முகப்பை இழுக்காமல், பெயின்ட் இல்லாத அடிச்சட்டத்தில் மெழுகுத்துண்டைத் தேய்த்து இலகுவாக்குங்கள். மேலே பொருள் வைத்தால் அடியில் ஃபெல்ட் துணி இருக்கட்டும், ரப்பர் வேண்டாம், அதிலிருந்து கசிவது பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். செதில் எதுவும் இல்லை என்று டார்ச் சொல்கிற வரை மேற்பரப்பைத் துணியால் துடைக்காதீர்கள், துணியின் நூல்தான் செதில்களைப் பிடித்து இழுப்பது. மென்மையான பிரஷ் ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.